மீண்டெழுந்த மாளிகைகள்



வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர் வீதியில் அசைந்து வருவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய ஆளுநரும் வந்து வடம் பிடித்த தேர் அது. ஆளுநர் வடம் பிடிக்கும் அந்த மரபு இன்றளவும் தொடர்ந்து வருகிறது. தேர் என்பது மரத்தால் ஆயது. மரம் வெயிலில் வெடிக்கும், மழையில் உளுக்கும், சக்கரமும் அச்சும் தேயும். எந்த ஊர்த் தேராயினும், பழுதுற்ற உறுப்பைத் தச்சர்கள் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்துவார்கள். இவ்வாறு உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்த பின்னரும், "இது எங்கள் பாட்டனார் இழுத்த தேர்" என்று நாம் தயங்காமல் சொல்லுகிறோம். அதில் பொய் இருப்பதாக யாரும் கருதுவதில்லை.

ஆனால் இதே வினாவை ஒரு மாளிகையைப் பற்றி எழுப்பினால் விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை. சில காலத்திற்கு முன் மாணவர் சிலருடன் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தேன். டேனிஷ்காரர் கட்டியதும், நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததும், அண்மைக் காலத்தில் செப்பனிடப்பெற்றதுமான ஆளுநர் மாளிகையின் முன் நின்றோம். வரிசையாக நின்ற தூண்களை அண்ணாந்து பார்த்த ஒரு மாணவன், "ஐயா, இது பழைய கட்டடமா, புதிய கட்டடமா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. உடனே விடை சொல்லவும் முடியவில்லை. அந்த மாணவன் கேட்ட வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

தரங்கம்பாடிக்குப் போவதற்கு முன் நம் ஊருக்கு அண்மையிலேயே சற்று நின்று பார்ப்போம். அரியாங்குப்பத்தாற்றின் கரையில் உள்ள அரிக்கமேட்டை நீங்கள் அறிவீர்கள். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, உரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளின் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. அதனால் அரிக்கமேட்டின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அங்குச் செல்வோர் மரங்களுக்கிடையே செங்கல் தூண்கள் சில நிற்பதைக் கண்டு, "இவை உரோமர் காலத்துத் தூண்கள்" என்று எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை அதுவன்று. அவை 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் கட்டிய இல்லத்தின் எச்சங்கள். உரோம வாணிகத்தின் சான்றுகள் மண்ணுக்குள் இருந்தன. மண்ணுக்கு மேல் நிற்பன இருநூற்றைம்பது ஆண்டு வயதுடையனவே. இடிந்த கட்டடம் என்பதனாலேயே ஒன்று மிகப் பழையது ஆகிவிடாது என்பது நாம் கற்கும் முதற்பாடம்.

புதுவை நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1760இல் ஆங்கிலப் படை வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றி, பின்னர்ப் புதுவையை முற்றுகையிட்டது. 1761 சனவரியில் நகரம் பணிந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரிசு உடன்படிக்கைக்குப் பிறகு 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, இடிபாடுகளின் மீது நகரை மீண்டும் எழுப்பினார்கள். டூப்ளேயின் காலத்துத் தெருக்கள் என்று நாம் பெருமையுடன் காட்டும் தெருக்களில் நிற்கும் வீடுகள் பெரும்பாலும் டூப்ளே கண்டறியாதவை. நம் தலைநகரே ஒருமுறை இறந்து பிறந்த நகரம்.

இன்னும் அண்மைக்கு வருவோம். கடற்கரையில் 1870ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பெற்ற மேரி என்னும் நகரமன்றக் கட்டடம், 2014 நவம்பரில் பெய்த பெருமழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதனை மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். இன்று அதனைக் காணும் வெளியூரார் அதனை நூற்றைம்பது ஆண்டுக் கட்டடம் என்றே எண்ணக்கூடும். இடிந்து விழுந்த காட்சியைக் கண்டவர்கள் இருக்கும்வரை உண்மை தெரியும். அவர்களுக்குப் பின் யார் சொல்லுவார்கள்?

இந்த வினாவை மனத்தில் கொண்டு தரங்கம்பாடிக்குச் செல்வோம். வில்லியனூரிலிருந்து புதுவை, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுவழி அது. காரைக்காலுக்கு உறவினர் வீடு தேடிச் செல்வோர், அவ்வூருக்குச் சற்று வடக்கே இதனைக் கடந்து போயிருப்பார்கள்.

டென்மார்க்கின் மன்னன் நான்காம் கிறித்தியன் காலத்தில், 1616இல், அந்நாட்டில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. அதன் கப்பல்களுடன் வந்த ஓவ் கியெட் என்பார், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடிக் கடற்கரையில் கோட்டை கட்டும் உரிமையைப் பெற்றார். அவ்வாறு எழுந்ததே டேன்சுபோர்க் கோட்டை. மிளகையும் துணியையும் நாடி வந்தவர்கள் இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் அங்கே கொடி நாட்டியிருந்தார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், அச்சுக்கூடம் அமைத்ததும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்ததும் இவ்வூரில்தான். தமிழ் அச்சு வரலாற்றில் தரங்கம்பாடிக்குத் தனி இடம் உண்டு.

வாணிகம் தளர்ந்தது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர் கப்பலேறினார்கள். 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்ததும், எஞ்சியிருந்த கப்பல் வாணிகமும் அங்கே போயிற்று. துறைமுகம் வெறிச்சோடியது. மாளிகைகளின் கூரைகள் ஒழுகின, உத்திரங்கள் இற்றன, சுவர்களில் ஆலும் அரசும் வேர்விட்டன.

இந்த நிலையைத்தான் "கைவிடப்பட்ட குடியேற்றம்" என்று நூல்கள் எழுதுகின்றன. யார் கைவிட்டது என்று நாம் கேட்கவேண்டும். ஆளுநரும் வணிகரும் கைவிட்டார்கள். மீனவர்கள் கைவிடவில்லை, மற்றக் குடிகளும் கைவிடவில்லை. கொடிகள் மாறியபோதும் கட்டுமரங்கள் விடியற்காலையில் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் இருந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்ட பின்னும் ஊரார் அதனை விட்டுவிடவில்லை. பாழடைந்தவை மாளிகைகளே, ஊர் ஊராகவே இருந்தது.

இனி ஊருக்குள் நுழைவோம். 1792ஆம் ஆண்டு எழுப்பிய நில வாயில் நம்மை வரவேற்கிறது. அதனைக் கடந்தால் நேரே கடலை நோக்கிச் செல்லும் அரசர் வீதி. இருபுறமும் தேவாலயங்களும் பழைய இல்லங்களும் உள்ளன. வீதியின் முடிவில் அகன்ற திடல். திடலின் ஒருபுறம் கோட்டை. வீதியின் வாயிலில் ஆளுநர் மாளிகை. கோட்டை தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. அதனுள் ஓர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டென்மார்க்கு நாட்டாரின் துணையுடன் கோட்டை செப்பனிடப்பெற்றது. ஆளுநர் மாளிகையைப் புதுப்பிக்க அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் கைகொடுத்தது.

செப்பனிடுதல் என்பது வெள்ளையடித்தல் அன்று. பழைய கட்டடங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு கூட்டி அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் உண்டு. இச்சாந்து மெல்ல இறுகுவது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, மீண்டும் கல்லின் தன்மையை அடைவது. இதற்கு ஒரு நற்குணம் உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரத்தை இது தடுத்து வைப்பதில்லை, வெளியே விட்டுவிடும்.

சிமென்டோ அவ்வாறன்று. அது விரைவில் இறுகும், கடினமாக நிற்கும், ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பழைய சுவரின் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி விரியும்போது செங்கல் பொடிப்பொடியாக உதிரும். வெளியே பூச்சு பளபளப்பாக இருக்க, உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்திற்கு நஞ்சாகும் என்பதை இதனால் அறியலாம். ஆகையால் அறிந்தவர்கள் பழைய சுவருக்குப் பழைய முறைச் சாந்தையே நாடுகிறார்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவரும் இக்காலத்தில், இத்தகைய பணிகள் ஒரு கைத்தொழிலையும் காப்பாற்றுகின்றன.

சரி, பழைய முறையிலேயே செய்த புதிய பகுதியைப் பழையதென்று காட்டலாமா? இதைப் பற்றி அறிஞர் உலகம் நெடிது சிந்தித்திருக்கிறது. 1964இல் இத்தாலி நாட்டு வெனிசு நகரில் கட்டடக் கலைஞர்கள் கூடி, பழங்கட்டடங்களைக் காக்கும் நெறிகளை வகுத்தார்கள். இழந்த உறுப்பைப் புதிதாகச் சேர்க்கும்போது அது முழு உருவத்தோடு இசைந்து நிற்கவேண்டும். ஆயினும் இது பழையது, இது புதியது என்று பிரித்தறியும்படியும் இருக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கலையும் வரலாறும் ஒன்றையொன்று பொய்ப்படுத்தக் கூடாது என்பதே அதன் கருத்து. அகழ்ந்தெடுத்த இடங்களில் கற்பனையாகக் கட்டி எழுப்பலாகாது என்றும் அவர்கள் வரையறுத்தார்கள்.

இந்த நேர்மை மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ணிவிடாதீர்கள். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த செம்பியன் மாதேவியார், கண்டராதித்த சோழரின் தேவியார், செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டுவித்தார். கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள திருக்கோடிக்காவல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த முந்தைய மன்னர் காலத்துக் கல்வெட்டுகளை வீணாக்காமல் புதிய சுவரில் மறுபடி பொறிக்கச் செய்தார். அவ்வாறு பொறித்தபோது, அவை பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பதையும் "பழங்கற்படி" என்னும் சொல்லால் குறிக்கச் செய்தார். எத்துணைச் சிறிய சொல்! "இஃது மூலம் அன்று, மூலத்தின் படி. மூலம் இருந்தது, நாங்கள் அதைப் பார்த்து எழுதினோம்" என்னும் பொருள் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. அந்த ஒரு சொல் இருப்பதனாலேயே இன்றைய வரலாற்றாசிரியன் அச்சுவரை நம்புகிறான். அது இல்லாதிருந்தால், எழுத்தின் வடிவத்திற்கும் மன்னனின் காலத்திற்கும் பொருத்தம் காணாமல் மயங்கியிருப்பான். வெனிசில் கூடியவர்கள் வகுத்த நெறியை, ஓர் அரசமாதேவியின் கல்தச்சர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே புதுப்பித்த கட்டடத்தினுள் நுழையும்போது மூன்று வினாக்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

முதலாவது, எது எஞ்சியது? சுவரின் கனத்தைப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் அளவைப் பாருங்கள். கையால் அறுத்த பழைய செங்கல் மெல்லியதாகவும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டும் இருக்கும். கூரையை அண்ணாந்து நோக்குங்கள். மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் இறுக்கிய தளம் பழைய முறையைச் சேர்ந்தது.

இரண்டாவது, எது சேர்ந்தது? எந்த உத்திரம் புதிது, எந்தச் சாளரம் புதிது, எந்தச் சான்றைக் கொண்டு அதனை அவ்வாறு அமைத்தார்கள் என்று கேளுங்கள். பழைய வரைபடமா, ஓவியமா, நிழற்படமா, அல்லது கட்டினவரின் ஊகமா? கேட்பது குற்றம் காண்பதற்காக அன்று. நன்றாகச் செய்தவர்கள் இவ்வினாவை மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள்.

மூன்றாவது வினாவே முதன்மையானது: எதைச் சொல்லாமல் விட்டார்கள்? டேன்சுபோர்க் கோட்டையின் கீழ்த்தளத்து அறைகள் பண்டகசாலைகளாக இருந்தன, சிறையாகவும் இருந்தன. சீகன்பால்குவையே டேனிஷ் அதிகாரிகள் 1708ஆம் ஆண்டின் இறுதியில் பிடித்து நான்கு திங்கள் அக்கோட்டையில் அடைத்து வைத்தார்கள். பெயர் பெற்ற பாதிரியாருக்கே அந்த நிலை என்றால், பெயரற்ற ஏழைகளுக்கு என்ன நிலை இருந்திருக்கும்? 17ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். செவ்வையாகப் பூசிய சுவரில் அந்தத் துயரத்தின் கறை தெரிவதில்லை. இடிபாடு காண்போர் மனத்தில் இரக்கத்தை எழுப்புகிறது. புதுப்பித்த மாளிகையோ வியப்பை மட்டும் எழுப்பிவிட்டு நின்றுவிடக்கூடும். நாமே நினைவூட்டிக்கொண்டாலன்றி அந்த அழகு நம்மை மறதியில் ஆழ்த்திவிடும்.

இன்னும் ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் மீனவர்க்காகக் கடலைவிட்டுத் தள்ளிப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆளுநர் மாளிகையைக் காணச் செல்லும் நாம் அந்த வீடுகளின் பக்கமும் ஒருமுறை நோக்கவேண்டும். மறுபடி கட்டுதல் என்ற சொல் அங்கேயும் பொருந்தும். இறந்துபோன ஆட்சியின் நினைவுக்கு உத்திரம் ஏற்றுவது ஒரு பணி. உயிரோடு இருப்பவர் தலைக்குமேல் கூரை வேய்வது மற்றொரு பணி. ஓர் ஊர் இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டாவதை மறந்து முதலாவதைச் செய்தால் அந்த ஊர் காட்சிச்சாலை ஆகிவிடும்.

முடிப்பதற்கு முன், தொலைநாட்டு மாணவர் சிலரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகர்ப்பகுதியை 1944இல் செர்மானியப் படையினர் வேண்டுமென்றே இடித்து அழித்தனர். போர் முடிந்தபின் மக்கள் அதனை வீடு வீடாக மறுபடி எழுப்பினார்கள். 1980இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இடிந்த நகரின் அளவும் உருவும் அவர்களுக்கு எவ்வாறு தெரிந்தன? 18ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் நகரக் காட்சிகள் உதவின. அவற்றினும் மிகுதியாக உதவியவை, அந்நகரத்துக் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அப்படங்களைப் போர்க்காலத்தில் மறைத்துக் காத்தார்கள். பாடத்திற்காக வரைந்த படங்கள் ஒரு தலைநகரை மீட்டுத் தந்தன.

நம் வில்லியனூரிலும் பாகூரிலும் திண்ணையும் முற்றமும் மரத்தூணும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. நாட்டு ஓடு வேய்ந்த கூரைகள் ஒவ்வொரு மழைக்கும் சிறிது தாழ்கின்றன. அவற்றை எல்லாம் நம்மால் காப்பாற்ற இயலாது. காப்பாற்றவேண்டும் என்று அங்கே குடியிருப்போரை வற்புறுத்தவும் நமக்கு உரிமை இல்லை. ஆயினும் வீட்டுக்காரரிடம் இசைவு பெற்று, ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு அளந்து வரைய இயலும். தூணின் உயரம், கதவின் அகலம், கட்டிய ஆண்டு, கட்டின கொத்தனாரின் ஊர், வீட்டுப் பாட்டியார் சொல்லும் செய்தி ஆகியவற்றை எழுதி வைக்கலாம். நாளை அந்த வீடு விழுந்தாலும், அதனை மறுபடி கட்ட விரும்புவோர் ஊகத்தை நம்பவேண்டியதில்லை. உங்கள் ஏட்டை நம்பலாம். கட்ட விரும்புவார் எவரும் இல்லை என்றாலும், அது இருந்தது என்னும் உண்மையாவது நிலைக்கும்.

தரங்கம்பாடியில் அந்த மாணவன் கேட்ட வினாவுக்கு அன்று மாலை கடற்கரையில் அமர்ந்துகொண்டு விடை சொன்னேன். "தம்பி, இது பழைய கட்டடமும்தான், புதிய கட்டடமும்தான். எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று அது மறைக்காமல் சொன்னால் உண்மையான கட்டடம், மறைத்தால் வெறும் நாடகத் திரை" என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அதைச் சொல்லும் பலகை ஒன்று வாயிலில் இருக்கவேண்டும், ஐயா" என்றான்.

அவன் செம்பியன் மாதேவியாரைப் படித்தவன் அல்லன். ஆயினும் அவர் கல்லில் பொறிக்கச் சொன்னதையே அவனும் சொன்னான்.